காணாமற்போனோர் பொருட்டு ஒரு விண்ணப்பம்

காவிரிப் படுகையின் காவல் நிலையங்களில் கடமையாற்றும் ஆய்வாளர்களுக்கும், உதவி ஆய்வாளர்களுக்கும், எல்லோரினும் முதலாக நிலைய எழுத்தர்களுக்கும், வலங்கைமானிலிருந்து எழுதும் திறந்த மடல்.



திருட்டுக்குச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு, அடிதடிக்கு உண்டு, கொலைக்கும் உண்டு. ஆனால் வயது நிரம்பிய மனிதர் ஒருவர் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போய், இரவு கவிந்த பின்னும் திரும்பி வரவில்லை என்னும் செய்திக்கு, அது எத்தனை பெரிய துயரமாயினும், குற்றவியல் சட்டத்தில் தனியொரு பிரிவு இல்லை. ஆகையினால்தான் பிரிவு எழுத வேண்டிய இடத்தில் ‘மேன் மிஸ்ஸிங்’ என்றோ ‘உமன் மிஸ்ஸிங்’ என்றோ எழுதி நீங்கள் வழக்கைப் பதிவு செய்கிறீர்கள். குற்றம் நடந்ததா இல்லையா என்பதே தெரியாத ஒரு விஷயம், தேர்த் திருவிழாவின் பந்தோபஸ்துக்கும், அமைச்சர் வருகைக்கும், நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாளுக்கும், இரவு ரோந்துக்கும் இடையே ஆள் பற்றாமல் தவிக்கும் ஒரு நிலையத்தில், மற்ற எல்லா வேலைகளுக்கும் பின்னே தள்ளப்படுவது எவ்வாறு நேர்கிறது என்பதை நான் உணராதவன் அல்லன். அவ்வாறு பின்னே தள்ளப்படும் விஷயத்தை முன்னே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்றும், அதற்குப் புதிய சட்டமோ புதிய இலாகாவோ பெரும்பாலும் வேண்டியதில்லை, வந்தவுடன் எழுதுவதும், ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துப் படிப்பதுமே வேண்டும் என்றும் வற்புறுத்தவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின், கேட்டு வருவோருக்கு மனு எழுதிக் கொடுத்து வருபவன் நான். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாய்க்கால் தகராறு என்று வரும் மனுக்களை எழுதும்போது கை தயங்குவதில்லை. ‘என் வீட்டுக்காரரைக் காணவில்லை’ என்று ஒரு பெண் வந்து எதிரே உட்காரும்போதுதான், இந்தக் காகிதம் எங்கே போய்ச் சேரும், யார் கையில் எத்தனை நாள் கிடக்கும் என்னும் கவலை எழுத்தை நிறுத்திவிடுகிறது.

அப்படி வந்த ஒரு மூதாட்டியின் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அவருடைய கணவர் எழுபதைக் கடந்தவர். மறதி நோய் பிடித்தவர். நடவுக் காலம் எது அறுவடைக் காலம் எது என்பதையே மறந்து, பட்டப்பகலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, எப்போதோ விற்றுவிட்ட வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் புறப்பட்டுவிடுவார் என்று அந்த அம்மையார் சொன்னார். ஒரு வியாழக்கிழமை ஆலங்குடிக் குருபகவான் கோவிலுக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். அம்மையாரிடம் இருந்த புகைப்படம் ரேஷன் கார்டில் கட்டைவிரல் நகத்தளவு அச்சாகியிருந்த படம் ஒன்றே. முதலில் போன நிலையத்தில், “கடைசியாகப் பார்த்த இடம் எங்கள் லிமிட்டில் இல்லையே, அங்கே போய்க் கொடுங்கள்” என்றார்கள். அங்கே போனபோது, “வீடு எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான் கொடுக்க வேண்டும், எதற்கும் சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்துவிட்டு நாளைக்கு வாருங்கள்” என்றார்கள். சொந்தக்காரர் வீடுகளில் விசாரித்துவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். பிறகு மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. அந்த ரசீதை மடித்து, மஞ்சள் பையில் ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டு, எப்.ஐ.ஆர். என்பது வேறு, இது வேறு என்பதை அறியாமல், ‘கேஸ் கொடுத்தாகிவிட்டது’ என்று அவர் நம்பியிருந்தார்.

அந்த முதியவர் உயிரோடு கிடைத்தார். ஆனால் கிடைத்த விதத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டுகிறேன். வேறொரு மாவட்டத்தில், சாலையோரம் மயங்கிக் கிடந்தவரை அவ்வூர்க் காவலர்கள் எடுத்து, மருத்துவமனையில் சேர்த்து, பின் ஒரு காப்பகத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள். மிகுந்த கருணையோடு செய்திருக்கிறார்கள். அதற்கு நாம் நன்றியுடையோம். காப்பகத்தின் பதிவேட்டில் ‘பெயர் தெரியாத முதியவர், இடது முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்பு’ என்று எழுதியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த மனுவிலும் அதே தழும்பு இருந்தது. அந்த இரண்டு வரிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் ஒரு கண் எங்கும் இல்லாத காரணத்தினால், மனைவி ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த வாரங்களிலெல்லாம் கணவர் ஒரு கூரையின் கீழ் ஊரும் பேரும் அற்றவராக உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரைக் கண்டுபிடித்தது விசாரணையன்று. அக்காப்பகத்துக்கு அரிசி கொண்டுபோன ஒரு லாரி ஓட்டுநர், தற்செயலாக அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

தற்செயல் செய்த காரியத்தை நியமமாகச் செய்ய முடியாதா என்பதே என் கேள்வி.

முதற்கண், நாளைக்கு வாருங்கள் என்னும் சொல்லைப் பற்றி. ஒருவரைக் காணவில்லையென்றால் 24 மணி நேரம் பொறுத்துத்தான் புகார் வாங்க வேண்டும் என்று பொதுமக்கள் பலர் நம்புகிறார்கள். நிலையங்களிலேயே சிலர் அவ்வாறு கூறவும் கேட்டிருக்கிறேன். அத்தகைய விதி நம் நாட்டுச் சட்டம் எதிலும் இல்லை. குழந்தைகள் விஷயத்திலோ, ‘பச்பன் பசாவ் ஆந்தோலன்’ என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 மே 10ஆம் தேதி ஐயத்துக்கு இடமின்றி ஆணையிட்டுவிட்டது: குழந்தையைக் காணவில்லை என்று புகார் வந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தப்பட்டதென்றோ விற்கப்பட்டதென்றோ முதலில் அனுமானித்துக்கொண்டே விசாரணையைத் தொடங்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் குழந்தை கிடைக்காவிடில் வழக்கை ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்று சிறார் நீதி விதிகளும் வகுத்திருக்கின்றன. குழந்தைக்கு விதித்த இந்தத் துரிதம், தன் பெயரையே மறந்த முதியவருக்கும், மனம் கலங்கிய இளைஞனுக்கும், தனியே வேலைக்குப் போன பெண்ணுக்கும் ஏன் கூடாது? பஸ் நிலையத்தின் காமிராப் பதிவு சில நாட்களில் அழிந்துபோகும், கைப்பேசி அணைந்துபோகும், கண்டக்டரின் ஞாபகம் மறுநாளே மங்கிவிடும். முதல் இரவில் ஒரு தொலைபேசி அழைப்பால் ஆகக்கூடிய காரியம், பத்து நாள் கழித்துத் தனிப்படை அமைத்தாலும் ஆவதில்லை.

இரண்டாவது, எல்லை. எங்கள் வலங்கைமான் தாலுகா தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது; 1997இல் திருவாரூர் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்க்கப்பட்டது. கோடு மாறிற்றேயொழிய மக்களின் கால் மாறவில்லை. வைத்தியத்துக்கும், கல்லூரிக்கும், கல்யாண ஜவுளிக்கும் நாங்கள் போவது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கும்பகோணத்துக்கே. அது பத்துக் கிலோமீட்டர் தொலைவுதான். ஆகவே எங்கள் ஊரில் ஒருவர் காணாமற்போனால், அவர் வீடு ஒரு மாவட்டத்திலும் கடைசியாகக் காணப்பட்ட இடம் மற்றொரு மாவட்டத்திலும் இருப்பது விதிவிலக்கன்று, அதுவே வழக்கம். நிலையம் கைவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடலாம் என்கிறார்கள். அதற்கும் கும்பகோணத்துக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், வலங்கைமான்காரர் சென்னைக்குப் போக வேண்டும். கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்? 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்றத்துக்கே எல்லை தடையாகாது என்று சட்டம் கூறும்போது, குற்றமா அன்றா என்பது தெரியாத நிலையில் நடுங்கி வரும் ஒரு தாய்க்கு எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்புவது அச்சட்டத்தின் கருத்துக்கு இசைந்ததாகுமா? முதலில் எந்த நிலையத்தின் படியை மிதிக்கிறார்களோ அந்த நிலையமே எழுதிக்கொண்டு, பின்னர் உரிய இடத்துக்குத் தானே அனுப்பிவைக்க வேண்டும்.

இனி, நான் எல்லாவற்றிலும் முக்கியமென்று கருதும் விஷயத்துக்கு வருகிறேன். காணவில்லை என்று தேடுவோரின் பதிவுகள் ஒருபுறம் இருக்கின்றன. இன்னார் என்று தெரியாமல் கிடைத்தோரின் பதிவுகள் மற்றொருபுறம் இருக்கின்றன. பின்னவையும் ஓரிடத்தில் இல்லை. வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் குடமுருட்டியிலும் மேட்டூர்த் தண்ணீர் இறங்கும் காலத்தில், எங்கோ மேற்கே நீரில் விழுந்த உடல் பல மைல் கிழக்கே ஒரு மதகில் வந்து ஒதுங்குகிறது. கிராம நிர்வாக அலுவலர் புகார் கொடுக்கிறார். பிரேத விசாரணை நடக்கிறது. அரசு மருத்துவமனைப் பிணவறையில் சில நாள் வைத்திருந்து, உரிமை கோருவார் இல்லையென்று அடக்கம் செய்துவிடுகிறார்கள். தண்டவாளத்தில் கிடைத்த உடல் இருப்புப்பாதைக் காவல் நிலையத்தின் கணக்கில் சேருகிறது. உயிரோடு கிடைத்தவர் காப்பகத்தின் கணக்கில் சேருகிறார். நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் பெரிய கோவில்களின் வாசல்களிலும் சுற்றித் திரியும் எத்தனையோ பேர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. கணினி வந்துவிட்டது, எல்லா நிலையங்களும் ஒரே வலையில் இணைந்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் ‘சுமார் 50 வயது மதிக்கத்தக்க ஆண், மாநிறம்’ என்று மட்டும் எழுதிய ஒரு பதிவை எத்தனை பெரிய கணினியில் ஏற்றினாலும் அது யாரோடும் பொருந்தாது. அல்லது எல்லோரோடும் பொருந்தும். பச்சை குத்திய எழுத்து, உடைந்த பல், கோணலாகச் சேர்ந்த எலும்பு, சட்டைக் காலரில் உள்ள தையற்கடையின் துணிச்சீட்டு, அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்து ஆகிய இவற்றை எழுதும் பொறுமையே அடையாளத்தைத் தருகிறது. அந்தப் பொறுமை எழுத்தராகிய உங்கள் கையில் இருப்பதனால்தான் இம்மடலை உங்கள் பெயரைச் சிறப்பாகச் சுட்டித் தொடங்கினேன்.

எழுத்தின் வலிமையை எண்ணும்போது எங்கள் ஊரில் 1869இல் பிறந்த மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் நினைவு வருகிறது. அவர் 1927 முதல் 1929 வரை இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் எந்த மக்களுக்காக அங்கே வாதாடினாரோ, அவர்களுடைய முன்னோரில் பெரும்பாலோர் 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறியவர்கள். அக்கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் டர்பனில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள மச்சமும் தழும்பும் எழுதப்பட்டிருக்கின்றன. கரும்புத் தோட்டத்து முதலாளிகளுக்கு ஓர் ஆளும் தப்பிவிடக்கூடாது என்னும் கருத்தோடு எழுதிய பட்டியல் அது. இருப்பினும், அன்று குறித்து வைத்த கிராமப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்ளுப்பேரர்கள் இன்றும் தமிழ்நாட்டுக்கு வந்து தம் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். உழைப்பைப் பறிப்பதற்காக அத்தனை நுணுக்கமாக எழுத முடிந்ததென்றால், ஒரு மனிதரை அவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக அதனினும் நுணுக்கமாக நாம் எழுத வேண்டாமா?

உங்களில் பலர் கவனத்துக்கு வாராத ஒரு சட்ட விதியையும் இங்கே நினைவூட்டுகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 100ஆம் பிரிவில், மனநோயுற்று வீடின்றித் திரிவோர் ஒருவரைக் காவலர் கண்டால், அவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்வதோடு, காணாமற்போனவர் என்று அங்கேயே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்றும், அவர் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துத் தெரிவிப்பது நிலைய அதிகாரியின் கடமை என்றும் விதிக்கிறது. தேடுகிறவர் வந்து புகார் கொடுத்தால்தான் வழக்கு என்னும் பழைய முறையை இது தலைகீழாக மாற்றுகிறது. கிடைத்தவர் பக்கத்திலிருந்தும் வழக்குத் தொடங்கலாம், தொடங்க வேண்டும். 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டபடியே தீயில் வெந்து மாண்ட மனநோயாளிகளை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, இந்த விதி எத்தனை காலம் கடந்து வந்தது என்பது விளங்கும். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பும், மகாராஷ்டிரத்தில் மருத்துவர் பரத் வாட்வானி நடத்தும் சிரத்தா மறுவாழ்வு இல்லமும், தெருவில் கிடந்த பலரைக் குணப்படுத்தி, அவர்கள் வாயாலேயே ஊர்ப்பெயரைக் கேட்டறிந்து வீடு சேர்த்திருக்கின்றன. தொண்டு நிறுவனங்களால் ஆவது அரசாங்கத்தால் ஆகாதென்று நான் ஒருகாலும் ஒப்பமாட்டேன்.

கண்டுபிடித்தல் என்பது எல்லாச் சமயத்திலும் கொண்டுபோய் ஒப்படைத்தல் ஆகாது. இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரத்தநாடு பக்கத்துப் பெண் ஒருத்தி, வயது 19, தான் விரும்பிய பட்டியல் சாதி இளைஞனை 2023 டிசம்பர் கடைசி நாளில் மணந்துகொண்டாள். மகளைக் காணவில்லை என்று தந்தை பல்லடம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். காவலர்கள் கண்டுபிடித்தார்கள், தந்தையோடு அனுப்பிவைத்தார்கள். 2024 ஜனவரி 3ஆம் தேதி அவள் சொந்த ஊரில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டாள், பெற்றோர் கைதாயினர், நிலைய ஆய்வாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். பதிவேட்டின் கணக்கில் அது வெற்றிகரமாக முடிந்த வழக்கு. வயது வந்த ஒரு பெண் தானே விரும்பிப் போயிருந்தால், அவள் நலமாக இருக்கிறாள் என்னும் ஒரு செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்வதோடு காவல் துறையின் கடமை முடிந்துவிடுகிறது. முகவரியைச் சொல்வதோ, உறவினர் சூழ்ந்து நிற்க அவளிடம் சம்மதம் கேட்பதோ அக்கடமையில் சேராது. அதே காரணத்தினாலேயே, பெண்ணைக் காணவில்லை என்று வரும் ஏழைத் தாயிடம் ‘யாரோடாவது போயிருப்பாள், தானே வருவாள்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்வதும் தகாது. போனாளா, கொண்டுபோகப்பட்டாளா என்பது விசாரித்தபின் தெரிய வேண்டிய முடிவு. விசாரணைக்கு முன்னே வரும் அனுமானம் அன்று.

ஏழைகளின் புகாரை அலட்சியம் செய்ததனால் விளைந்தவற்றை நாடு கண்டிருக்கிறது. நொய்டாவின் நிதாரியில் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போனபோது பெற்றோர் நிலையத்தில் முறையிட்டும் பயனில்லாதொழிந்து, 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்டன. பின்னர் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையின் குறைகளைக் கடுமையாகக் கண்டித்துத் தண்டிக்கப்பட்டோரை விடுவித்தது. யார் செய்தார் என்பது கூட அந்தத் தாய்மாருக்கு நிச்சயமாகத் தெரியாமற்போயிற்று. சென்னையில் 1990களின் இறுதியில் காணாமற்போன ஏழைக் குழந்தைகள் சிலர், தத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கடல் கடந்து போய்விட்ட செய்தி 2005இல்தான் வெளிப்பட்டது. நம் டெல்டாவிலோ, 2018 நவம்பரில் கஜாப் புயல் அடித்த பின், கடனுக்கு ஈடாகக் கிடை ஆடு மேய்க்க அனுப்பப்பட்ட சிறுவர்கள் மீட்கப்பட்டார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரை ஆசிரியர் அடித்துவிடுகிறார். அப்பிள்ளை காணாமற்போனது எந்த நிலையத்திலும் எழுதப்படுவதே இல்லை. இதில் ஆசிரியர் சமூகத்துக்கும் பொறுப்பு உண்டு என்பதை ஆசிரியனாக இருந்தவன் என்னும் முறையில் கூறுகிறேன்.

எங்கள் ஊர் மகாமாரியம்மன் கோவிலில் பங்குனி மாதம் பாடைக் காவடித் திருவிழா நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே பந்தோபஸ்துக்கு நின்றவர்களும் உங்களில் இருப்பீர்கள். சாவின் வாய்வரை போய் அம்மன் அருளால் மீண்டவர்கள், பாடையில் படுத்து, உறவினர் தூக்கிவரக் கோவிலைச் சுற்றி வந்து நன்றிக் கடன் செலுத்துகிறார்கள். மரணமும் மீட்சியும் சடங்காக உருப்பெற்ற இவ்வூரிலேயே, காணாமற்போனவரின் மனைவிக்கு மட்டும் ஒரு சடங்கும் இல்லை. தாலியைக் கழற்றவும் முடியாது, பூ வைத்துக்கொள்ளவும் மனம் வராது. திதி கொடுக்க நாள் தெரியாது. ஏழு ஆண்டு செய்தியில்லாதிருந்தால்தான் இறந்ததாக அனுமானிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த விதியே 2023இன் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அதுவரையில் வங்கிக் கணக்கும், நிலமும், காப்பீடும் முடங்கிக் கிடக்கும். அதன் பின்னும், எப்.ஐ.ஆர். எங்கே, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் கொடுத்த சான்று எங்கே என்று கேட்பார்கள். இலங்கையில் 2016இல் ஒரு திருத்தச் சட்டம் செய்து, இறந்தவர் என்று ஒப்புக்கொள்ளும்படி குடும்பத்தைக் கட்டாயப்படுத்தாமல், காணப்படவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் கொடுக்க வழி வகுத்தார்கள். காகிதம் மட்டும் போதாது, உண்மை வேண்டும் என்று 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் அத்தகைய ஒரு சான்றிதழ் நம் சட்டத்திலும் இருக்குமானால், ஏழாண்டுக் காலம் ஒரு குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அது சட்டமன்றத்தாரிடம் கேட்க வேண்டியது, உங்களிடம் அன்று.

உங்களிடம் கேட்பது இதுவே. வலங்கைமான், குடவாசல், நீடாமங்கலம், பாபநாசம், கும்பகோணம் ஆகிய பகுதிகளின் நிலையங்களும், இருப்புப்பாதைக் காவல் நிலையமும், அரசு மருத்துவமனைகளின் பிணவறைப் பொறுப்பாளர்களும், இப்பக்கத்துக் காப்பகங்களை நடத்துவோரும், மாவட்டக் கோட்டைப் பாராமல், மாதத்தில் ஒரு நாள் ஓரிடத்தில் கூடித் தத்தம் பதிவேடுகளை ஒரே மேஜையில் விரித்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமெனில் அதைப் பெறுவதற்கான விண்ணப்பத்தை இரு மாவட்டக் கண்காணிப்பாளர்களுக்கும் எழுதி, ஊர் மக்களின் கையொப்பத்தோடு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். எந்த நாள், எந்த இடம் என்று நீங்கள் குறித்துச் சொன்னால், என்னிடம் மனு எழுதிக்கொண்டுபோய் இன்னும் விடை கிடைக்காத குடும்பத்தாரை, அவர்களிடம் உள்ள புகைப்படங்களோடும், நான் எடுத்து வைத்திருக்கும் அங்க அடையாளக் குறிப்புகளோடும் அன்று காலையிலேயே அழைத்துவருகிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு உங்கள் பதிவேட்டைப் படித்துச் சொல்லும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன் ஒருவன்,
வலங்கைமான்.